பட்டாளத்துக் கடுதாசியை வாசிப்பது எப்படி?

முதல் தடவை வாசிக்கும்போது ஏமாற்றமாகத்தான் இருக்கும். போர்முனையிலிருந்து வந்த கடிதம் என்று ஆவலோடு பிரித்தால் உள்ளே போர் இருக்காது. குண்டு இல்லை, துப்பாக்கி இல்லை, எந்த ஊரில் இருக்கிறார் என்பதுகூட இல்லை. ‘இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்’ என்று தொடங்கி, மாடு கன்று போட்டதா, மழை பெய்ததா, பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்டு, பேர் பேராக நமஸ்காரமும் ஆசீர்வாதமும் சொல்லி முடிந்துவிடும். ‘இதுல ஒண்ணுமே இல்லையே’ என்று கட்டிப் பரணில் போட்டுவிடுவோம். அடுத்த தடவை வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அது பழைய பேப்பர்காரரிடம் போய்ச் சேரும்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஏற்காட்டில் அத்தை வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அத்தையின் அப்பா, அதாவது என் தாத்தாவின் அண்ணன், இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்து லாரி ஓட்டியவர். அதற்கு முன்பு காப்பித் தோட்டத்து லாரியில் கிளீனராக இருந்து டிரைவரானவர். 1942-லிருந்து 1945 வரை அவர் வீட்டுக்கு எழுதியதில் 39 கடிதங்கள் அந்தப் பெட்டியில் மிஞ்சியிருக்கின்றன. அவர் கப்பலேறியபோது அத்தை எட்டு மாதக் குழந்தை. கடிதங்களில் ‘குழந்தை’ என்று வருவதெல்லாம் அவர்தான். லீவு கிடைக்கும்போதெல்லாம் சேலத்திலிருந்து மலையேறிப் போய், அத்தையோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். வாசிக்கக் கற்றுக்கொள்ளவே எனக்கு மூன்று மழைக்காலம் ஆனது. இப்படிக் கடிதம் வைத்திருக்கும் மற்ற வீடுகளுக்கு அந்த அலைச்சல் கொஞ்சம் குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அடிப்படையான ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சிப்பாயின் கடிதம் ஒருவர் எழுதி இன்னொருவர் படித்த கடிதம் கிடையாது. எழுதியவருக்கும் வீட்டாருக்கும் நடுவில் நாலைந்து பேர் அதைப் படித்திருப்பார்கள். படிப்பார்கள் என்று எழுதும்போதே அவருக்குத் தெரியும். ஆகவே அதில் எது இருக்கிறது என்று பார்ப்பதைப் போலவே, எது இல்லை, யாருக்காக இல்லை என்றும் பார்க்க வேண்டும்.

முதலில் படிப்பவர், எழுதிக் கொடுப்பவர். அந்தக் காலத்தில் பட்டாளத்துக்குப் போனவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய. கூட இருக்கும் யாராவது, நாலு எழுத்துத் தெரிந்தவர், சொல்லச் சொல்ல எழுதுவார். ஒரே கடிதக் கட்டுக்குள் கையெழுத்து மாறி மாறி வந்தால் குழம்ப வேண்டாம், ஆள் மாறவில்லை, எழுதிக் கொடுத்தவர் மாறியிருக்கிறார். பெரிய தாத்தா நாலாம் வகுப்பு வரை படித்தவர், பெரும்பாலும் தானே எழுதினார். இந்தக் கையெழுத்து விஷயத்துக்குக் கொஞ்சம் கழித்துத் திரும்ப வருகிறேன். அதில் ஒரு முக்கியமான சமாசாரம் ஒளிந்திருந்தது.

அடுத்து வருவது சென்சார். தமிழில் தணிக்கை என்கிறோம். கடிதம் எதிரி கையில் சிக்கினால் படை எங்கே இருக்கிறது, எத்தனை பேர், எப்போது கிளம்புகிறார்கள் என்பது தெரிந்துவிடும் என்பதால், சிப்பாய்களின் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். ஊர்ப் பெயர், படைப்பிரிவின் பெயர், கப்பல் பெயர் இவையெல்லாம் இருக்கக் கூடாது. இருந்தால் மை பூசி அழிப்பார்கள், அல்லது பிளேடால் வெட்டி எடுப்பார்கள். உங்கள் கடிதத்தில் சதுரமாக ஓட்டை இருந்தால் அதைக் கரையான் அரித்தது என்று நினைத்துவிடாதீர்கள். உறையின் ஓரம் பிரிக்கப்பட்டு மேலே காகிதப் பட்டை ஒட்டியிருந்தாலும், சென்சார் முத்திரை இருந்தாலும் அதே கதைதான்.

இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் பெரிய அளவில் படிக்கத் தொடங்கியது முதல் உலகப் போரில். 1914 இலையுதிர் காலத்தில் இந்தியப் படைகள் பிரான்சில் இறங்கியதும், அங்கே பூலோன் என்ற துறைமுக ஊரில் இந்தியத் தபால்களுக்கென்றே ஒரு தணிக்கை அலுவலகம் வைத்தார்கள். 1915 மார்ச் வாக்கில் இந்தியர்கள் வாரத்துக்கு 10,000 முதல் 20,000 கடிதங்கள் வரை எழுதிக்கொண்டிருந்தார்கள் என்றால் வேலையின் அளவை யோசித்துப் பாருங்கள். மாதம் 11 ரூபாய் சம்பளத்துக்குப் போன விவசாயி வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். சென்சார் கண்ணில் மண்ணைத் தூவ அவர்கள் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று இன்றும் பேசப்படுகிறது. கருமிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். கருமிளகு தீர்ந்துகொண்டே வருகிறது என்று ஒருவர் வீட்டுக்கு எழுதினால் அது மளிகைக் கணக்கில்லை, சாவுக் கணக்கு. பாவம், சென்சாருக்கும் அது சீக்கிரமே புரிந்துபோனது. அவர் அதை மொழிபெயர்த்து அறிக்கையில் சேர்த்ததால்தான் நமக்கே தெரிகிறது.

அந்த மொழிபெயர்ப்புகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் பிரான்சுக்குப் போன காலாட்படையில் பெரும்பாலானவர்கள் பஞ்சாப், வடமேற்கு எல்லை, கர்வால், நேபாளம் பக்கத்து ஆட்கள் என்பதால் அங்கே இருப்பதும் பெரும்பாலும் அவர்கள் குரல்தான். நம் ஆட்களின் குரல் அங்கே மிகவும் குறைவு. அது இருக்கும் இடம் நம் வீட்டுப் பரண். சேலத்திலும் ஆத்தூரிலும் ஓமலூரிலும் ஏதாவது ஒரு வீட்டில் ஒரு கட்டு எரிக்கப்படும்போது அதற்கு வேறு பிரதி எங்கேயும் கிடையாது. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதே இல்லை.

சரி, உறைக்கு வருவோம். உள்ளே இருக்கும் காகிதத்தைவிட உறை சில சமயம் அதிகம் பேசும். போர்க்களத்தில் இருந்தவர்களுக்கு களத் தபால் நிலையம் என்று ஒன்று உண்டு, எஃப்.பி.ஓ. என்பார்கள். படையோடு கூடவே நகரும் தபாலாபீஸ் அது. அதன் முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்காது, ஒரு எண்ணும் தேதியும் மட்டும் இருக்கும். வீட்டிலிருந்து எழுதும்போதும் ஊர்ப் பெயர் எழுத வழியில்லை. நம்பர், ரேங்க், பெயர், கம்பெனி எல்லாம் எழுதினால் போதும், எங்கே இருக்கிறார் என்பதைத் தபால்படை பார்த்துக்கொள்ளும். சுதந்திரத்துக்குப் பிறகு பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்களுக்கு ‘56 ஏ.பி.ஓ.’, ‘99 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவத் தபால் நிலைய முகவரி மனப்பாடமாக இருக்கும். அதே ஏற்பாட்டின் தொடர்ச்சிதான் அது. பிள்ளை லடாக்கில் இருந்தாலும் ராஜஸ்தானில் இருந்தாலும் அம்மாவுக்கு அவன் முகவரி 56 ஏ.பி.ஓ.தான்.

எஃப்.பி.ஓ. எண்ணை வைத்து அந்தத் தேதியில் அது எந்த நாட்டில் இருந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கலாம். பழைய தபால்தலை, உறை சேகரிப்பவர்கள் இதற்கான பட்டியல்களை வைத்திருக்கிறார்கள். ஆகவே கடிதத்தையும் உறையையும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். முழுக் கடிதமே இல்லாத வகை ஒன்றும் உண்டு. அச்சடித்த ஒரு கார்டில் ‘நலமாக இருக்கிறேன்’, ‘ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்’ என்று வரிசையாக இருக்கும். பொருந்தாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். வேறு எதையாவது எழுதினால் கார்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். உள்ளங்கை அளவு போட்டோ மாதிரி ஒரு கடிதம் இருந்தால் அது ஏர்கிராஃப். 1941-ல் வந்த முறை. கடிதத்தைப் போட்டோ பிடித்து, ஃபிலிமை மட்டும் விமானத்தில் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுப்பார்கள். அதற்குக் கண்ணாடி வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

மூன்றாவதாகப் படிப்பவரைப் பற்றித்தான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அவர் ஊரிலேயே இருக்கிறார். கடிதம் வந்து சேரும் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. தபால்காரர் படித்துச் சொல்வார், இல்லையென்றால் பள்ளிக்கூட வாத்தியார், அவரும் இல்லையென்றால் தோட்டத்து ரைட்டர். சுற்றி மாமனார், மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள். இதில் சிப்பாய் தன் மனைவிக்கு என்று என்ன எழுத முடியும்?

பெரிய தாத்தாவின் 39 கடிதங்களில் ஒன்றில்கூட அவர் மனைவியின் பெயர் இல்லை. எல்லாமே அவருடைய தகப்பனார் பெயருக்கு எழுதியவை. மனைவி ‘குழந்தையின் தாயார்’ என்று ஒரு வரியில் வந்து போவார். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. மூன்று வருஷம் மனைவியைப் பற்றி நினைக்கவே இல்லையா என்றுகூடத் தோன்றியது. அப்புறம் அத்தைதான் சொல்லிக் கொடுத்தார். “குழந்தை, குழந்தைன்னு கேட்கறதையெல்லாம் எங்கம்மாவை வச்சுப் படி கண்ணு” என்றார். அப்படிப் படித்துப் பார்த்தேன். குழந்தை ராத்திரியில் தூங்குகிறதா, குழந்தைக்குக் கம்பளி இருக்கிறதா, ஆடிக் காற்றில் குழந்தையை வெளியே விட வேண்டாம், குழந்தை இளைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன், சரியாகச் சாப்பிடச் சொல்லவும். எட்டு மாதக் குழந்தையை ‘சாப்பிடச் சொல்லவும்’ என்று யாரும் எழுத மாட்டார்கள். ஊர் கூடிக் கேட்கும் கடிதத்துக்குள் அவர் தன் மனைவியோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். உங்கள் வீட்டுக் கடிதத்திலும் யார் பெயர் வரவே இல்லையோ அவருக்கான வரி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

எழுத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு எழுதியவை இவை. லை, ணை போன்றவற்றுக்குத் தும்பிக்கை போட்ட பழைய வடிவம்தான் இருக்கும். நம் தாத்தா பாட்டிகளுக்கு அது தெரியும், நமக்குக் கொஞ்சம் பழக வேண்டும். புள்ளி வைக்காமல், சொல்லுக்குச் சொல் இடம் விடாமல், பேசுகிற மாதிரியே எழுதியிருப்பார்கள். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும். இன்னொரு சிக்கல், பட்டாளத்துப் பேச்சு. அப்போது இந்தியப் படையின் பொது மொழி உருது. ‘சுட்டி கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி. குழந்தையின் குறும்பைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சுட்டி என்றால் பட்டாளத்தில் லீவு. லங்கர் என்றால் சமையல் கூடம்.

இனி தேதி. பலர் சறுக்குவது இங்கேதான். இங்கிலீஷ் தேதி போடாமல் தமிழ் வருஷம், மாசம் போட்டிருந்தால் அலட்சியமாகத் தாண்டிவிடாதீர்கள். சித்திரபானு வருஷம் என்றால் 1942 ஏப்ரலிலிருந்து 1943 ஏப்ரல் வரை. அடுத்தது சுபானு, அதற்கடுத்தது தாரண, 1945-46 பார்த்திப. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். முதல் உலகப் போர்க் கடிதங்களுக்கும் இதேபோல் பின்னோக்கி எண்ணிக்கொள்ளலாம், அறுபது வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வரும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இதனால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரே ஒரு கடிதத்தைக் காட்டுகிறேன். சுபானு வருஷம் பங்குனி 10 என்று தலைப்பில் இருக்கிறது. இடம் கிடையாது. அம்மாவுக்குச் சொல்லச் சொல்லி எழுதுகிறார்: இங்கே ஒரு மலை இருக்கிறது, அதன் உச்சியில் ராத்திரி பூராவும் திருவண்ணாமலை தீபம்போல எரிகிறது, பகலில் புகை. சாம்பல் வந்து லாரி மேலேயும் கூடாரத்து மேலேயும் விழுகிறது. நம் அடுப்புச் சாம்பல் மாதிரி மாவாக இல்லை, குருணை மாதிரி இருக்கிறது, முறத்தால் அள்ளிக் கொட்டுகிறோம். அம்மா இருந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அவ்வளவுதான். உடனே அடுத்த வரியில், பலா மரத்தைக் குத்தகைக்கு விட்டாச்சா என்று கேட்கிறார்.

அத்தை சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவர். அப்பா ஏதோ கோயில் தீபத்தைப் பார்த்தார் என்றுதான் வீட்டில் நினைத்திருக்கிறார்கள். பங்குனி 10 என்பதைக் கணக்குப் போட்டால் 1944 மார்ச் 23 வாக்கில் வருகிறது. எரிமலை, 1944 மார்ச். இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்திலிருக்கும் வெசூவியஸ் எரிமலை அந்த மாதம் 18-ம் தேதியிலிருந்து ஒரு வாரம்போலக் கக்கியது. மலையடிவாரத்து விமானத் தளத்தில் நிறுத்தியிருந்த அமெரிக்க விமானங்கள் சுமார் 80 சாம்பலிலும் கல்லிலும் நாசமாயின. பெரிய தாத்தா எங்கே இருந்தார் என்று 70 வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியாமல் இருந்தது. அவரே எழுதித்தான் வைத்திருந்தார். ஊர்ப் பெயர் இல்லை, படைப் பெயர் இல்லை, சென்சார் கத்தரிக்க அதில் எதுவும் இல்லை.

இன்னும் ஒன்று. அதே வாரத்தில், அங்கிருந்து வடக்கே நூறு கிலோமீட்டருக்குள் காசினோ மலையில் கடுமையான சண்டை நடந்துகொண்டிருந்தது. இந்தியாவின் நாலாவது டிவிஷன் அங்கே மலையேறி அடிபட்டுக்கொண்டிருந்தது. இத்தாலியில் செத்துப்போன இந்தியச் சிப்பாய்கள் 5,000 பேருக்கு மேல். சரக்கு ஏற்றி இறக்குகிற லாரிக்காரருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது, காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வருவதைத் தினமும் பார்த்திருப்பார். அம்மாவுக்கு எழுதியதோ தீபத்தை.

ஊரோடு ஒப்பிட்டு எழுதும் வரிகளைத்தான் நான் இப்போது முதலில் தேடுகிறேன். புது இடத்தைச் சொல்லச் சிப்பாய்க்குத் தெரிந்த ஒரே அளவுகோல் சொந்த ஊர். நம் மலை ரோட்டைவிட இங்கே வளைவு ஜாஸ்தி என்று ஒரு கடிதம். ஏற்காடு ரோட்டில் இன்று 20 கொண்டை ஊசி வளைவு, அதில் வண்டி ஓட்டிப் பழகியவர் சொல்கிறார். தாரண வருஷம் தை மாதத்தில், பனி முழங்கால் வரைக்கும் இருக்கிறது என்கிறார். எங்கள் மலையில் பனி என்றால் மூட்டம், புல்லில் நிற்கும் ஈரம். அது எப்படி முழங்கால் வரை இருக்கும் என்று வீட்டில் சிரித்தார்களாம். அவர் சொன்னது 1945 ஜனவரியில் இத்தாலிய மலைகளில் உறைந்து கிடந்த பனியை. அதற்கு அவரிடம் வேறு சொல் இல்லை.

பணக் கணக்கு பல கடிதங்களில் பாதிக்கு மேல் இருக்கும், அதைத் தாண்டிப் போகாதீர்கள். மணியார்டர் எவ்வளவு, வந்ததா, யாருக்குக் கடன் அடைத்தது, என்ன விலை. 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வரும் அரிசி நின்றது, இங்கே விலை ஏறியது, ரேஷன் வந்தது. மலேயா பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் நின்றுபோனது. சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் வேர்பிடித்தது அந்தப் போர்க்காலத்தில்தான். மத்தியக் கிழக்கில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் படித்த சென்சார்காரர்களே, 1943-ல் இவர்களுக்குச் சண்டையைவிட வீட்டில் அரிசி என்ன விலை என்பதுதான் பெரிய கவலை என்று அறிக்கை எழுதினார்கள். பெரிய தாத்தாவும் கடிதம் தவறாமல் ‘படி என்ன விலை’ என்று கேட்கிறார். வீட்டுப் பொறுப்பை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சுமந்த மனிதரை அந்தக் கணக்கில்தான் பார்க்க முடியும்.

கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கியதும் இடைவெளிகள் தெரியும். அவையும் வாசிக்க வேண்டியவையே. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கைதியானார்கள். அவர்கள் வீடுகளில் கடிதம் சட்டென்று நின்றுபோயிருக்கும். உங்கள் கட்டு அந்த மாதத்தோடு முடிந்தால் ஏன் என்று யோசியுங்கள்.

எங்கள் பெட்டியில் தாரண வருஷம் ஆனி மாதத்துக்கும் ஐப்பசிக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. ஐப்பசியில் வந்தது வேறு கையெழுத்து. ‘கையில் சின்னக் காயம், அதனால் சிநேகிதரைக் கொண்டு எழுதுகிறேன், கவலைப்பட வேண்டாம்’ என்று இருக்கிறது. அதற்கடுத்த கடிதத்திலிருந்து அவர் கையெழுத்தே திரும்பி வருகிறது, ஆனால் எழுத்தெல்லாம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. முன்பு நிமிர்ந்து நின்ற எழுத்து. நான் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்து அத்தையிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். “எங்கப்பாவுக்கு இந்தச் சுண்டு விரல் கிடையாது. லாரிக் கதவுல நசுங்கிடுச்சுன்னு சொல்வாரு” என்றார். எந்த லாரி, எப்போது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. அந்தச் சாய்ந்த எழுத்துதான் சொல்கிறது.

உங்களிடம் இருக்கும் கட்டைக் காப்பாற்றுவது எப்படி என்றும் கேட்பீர்கள். ஏற்காட்டு ஈரத்தில் நாங்கள் பட்ட பாட்டிலிருந்து சொல்கிறேன். லேமினேட் செய்யாதீர்கள். பத்திரப்படுத்துகிறோம் என்று நினைத்துப் பாழாக்குகிற வேலை அது, அப்புறம் பிரிக்கவே முடியாது. கிழிந்த இடத்தில் செல்லோடேப்பும் வேண்டாம், சில வருஷத்தில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்னும். துருப்பிடித்த குண்டூசியை மெள்ள எடுத்துவிடுங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம், காற்றோட்டமான நிழல் போதும். ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் போனில் படம் எடுங்கள். முன், பின், உறை மூன்றும் வேண்டும். பென்சிலால் உறையில் வரிசை எண் போடலாம், பேனா கூடாது. ராமபாணப் பூச்சி வராமல் அவ்வப்போது பெட்டியைத் திறந்து பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் இருக்கும் பெரியவரை உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள், அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். காகிதம் இன்னும் பத்து வருஷம் தாங்கும். அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. சிப்பாயின் நம்பரும் பிரிவும் கடிதத்தில் கிடைத்துவிட்டால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். திரும்பி வராதவராக இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடலாம். பெயரை இங்கிலீஷில் எப்படியெல்லாம் எழுதியிருப்பார்களோ அத்தனை விதமாகவும் தேடுங்கள்.

கடைசியாக, வீட்டிலிருந்து போன கடிதங்கள். இவை பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைகிற சிப்பாய் எத்தனை காகிதத்தைச் சுமப்பார்? மழையில் நனைந்து, தொலைந்து, அவரோடு புதைந்து போயிருக்கும். அதனால் நம்மிடம் இருப்பதெல்லாம் ஒரு பக்கத்துப் பேச்சுதான். கேள்வி ஒன்று தொலைந்து போய் அதன் பதில் மட்டும் கையில் இருக்கும்.

எங்கள் பெட்டியில் தப்பிப் பிழைத்தது ஒன்றே ஒன்று. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் போய், ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல், மூன்று எஃப்.பி.ஓ. முத்திரைகளை வாங்கிக்கொண்டு ஏற்காட்டுக்கே திரும்பி வந்த கடிதம். தாரண வருஷம் ஆடி மாதம். தகப்பனார் சொல்ல வாத்தியார் எழுதியிருக்கிறார், அழகான கையெழுத்து. மழை நன்றாக இருக்கிறது. மிளகுக் கொடி ஏறிவிட்டது. குழந்தை ‘லாரி’ என்று சொல்கிறது. குழந்தையின் தாயார் சௌக்கியம். நீ அனுப்பும் பணத்தில் இங்கே ஒரு குறையும் இல்லை, அரிசிக்குப் பஞ்சம் என்று அங்கே யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்.

அந்த ஆடியில்தான் தன் அம்மாவின் வெள்ளித் தண்டையைச் சேலத்துக்கு எடுத்துப் போய் விற்று, கேழ்வரகு வாங்கிக்கொண்டு மலையேறி வந்தார்கள் என்று அத்தை சொன்னார்.